ஹைடனைக் கேளுங்கள், 45-ஆவது சிம்பொனியிலிருந்து

மொசார்ட், பீத்தோவன் இருவரையும் ஓரளவு கேட்டாகிவிட்டது, அந்தக் காலத்தில் அடுத்து யாரை, எங்கிருந்து தொடங்கிக் கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சொல்வேன்: ஜோசப் ஹைடன். மொசார்ட் தன் குவார்டெட்களில் (நான்கு தந்திக் கருவிகளுக்கான இசை) ஆறை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். பீத்தோவன் வியன்னாவில் இவரிடம் பாடம் கேட்டார். ஆனாலும் 'அப்பா ஹைடன்' என்று செல்லமாகச் சொல்லியே இவரை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த அநியாயம் எனக்குப் பொறுப்பதில்லை.

1732-இல் ஆஸ்திரியாவின் ரோராவ் கிராமத்தில், வண்டிச் சக்கரம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் பாடும் சிறுவனாக இருந்தார். குரல் உடைந்ததும் அந்த இடம் போயிற்று. பாடம் சொல்லிக்கொடுத்தும் கிடைத்த இடத்தில் வாசித்தும் பிழைத்தவருக்கு 1761-இல் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலை கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தைப் படித்தால் மனம் கனக்கிறது. சீருடையில், வெள்ளைக் காலுறையோடு, தினமும் முற்பகலிலும் பிற்பகலிலும் முன்கூடத்துக்கு வந்து இன்று இசை வேண்டுமா என்று கேட்டு நிற்க வேண்டும். அனுமதியின்றி எந்தப் படைப்பையும் வெளியே கொடுக்கக் கூடாது. 1779-இல்தான் அந்தத் தடை நீங்கியது.

1772-இல் அந்தக் குடும்பத்தின் நிகோலஸ் பிரபு ஹங்கேரியிலுள்ள எஸ்டர்ஹாசா மாளிகையை விட்டுக் கிளம்புவதாகவே இல்லை. கலைஞர்களின் குடும்பங்களோ ஆஸ்திரியாவின் ஐசன்ஸ்டாட் நகரில். ஹைடன் மனு எழுதவில்லை, சிம்பொனி எழுதினார். அதுதான் 45-ஆவது. அதுவும் எஃப் ஷார்ப் மைனரில். அக்கால இசைக்குழுக்கள் அநேகமாகத் தொடாத சுருதி அது. அன்றைய ஹார்ன் என்னும் ஊதுகொம்பில், சுருதி மாற்ற உதவும் வால்வு கிடையாது. சுருதிக்கேற்ற குழாய்த் துண்டைப் பொருத்தித்தான் ஊத வேண்டும். இதற்காகவே புதிய துண்டுகளைச் செய்து வாங்கினார்கள். கடைசிப் பகுதி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று, மெதுவான ஓர் இசை தொடங்குகிறது. முதல் ஓபோ என்னும் குழல் வாசிப்பவரும் இரண்டாம் ஹார்ன்காரரும் தங்கள் பங்கை வாசித்துவிட்டு எழுந்து போகிறார்கள். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். பெரிய டபுள் பேஸுக்குக்கூட விடைபெறும் முன் தனியாகச் சில வரிகள் உண்டு. முடிவில் இரண்டே வயலின்கள். பிரபு புரிந்துகொண்டு ஊருக்குக் கிளம்ப உத்தரவிட்டார் என்று ஹைடனை நேரில் அறிந்து வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

எல்லோரும் சொல்லி மகிழும் கதைதான். ஆனால் முதல் பகுதியைக் கேளுங்கள். அதில் கொதிக்கும் கோபத்தை அந்தக் கதை மறைத்துவிடுகிறது. உலகத்திடமிருந்து ஒதுங்கி இருந்தேன், என்னைக் குழப்ப அருகில் ஆள் இல்லை, அதனால் புதிதாகச் செய்தே தீரவேண்டியிருந்தது என்று பின்னாளில் ஹைடனே சொன்னார். அந்தத் தனிமைதான் அவரை வளர்த்தது என்று நானும் நம்புகிறேன்.

எண்ணிட்ட 104 சிம்பொனிகளையும் வரிசையாகக் கேட்க வேண்டாம். 45-ஐ முடிந்தால் காணொளியில் பாருங்கள். அடுத்து 44, 49. குவார்டெட்டில் ஓபஸ் 33 என்று எண்ணிட்ட தொகுப்பின் இரண்டாவது. முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதெல்லாம் மறுபடி தொடங்கும். பிறகு லண்டனுக்காக எழுதிய 93 முதல் 104 வரை. 1798-இல் அரங்கேறிய 'படைப்பு' என்னும் ஆரட்டோரியோவை (பாடகர்களும் கோரஸும் இசைக்குழுவும் சேர்ந்து சொல்லும் சமயக் கதை) கடைசியில் வையுங்கள். ஒளி பிறக்கும் இடத்தில் கோரஸும் இசைக்குழுவும் ஒருசேர சி மேஜரில் வெடிக்கும். அதனால் தொடக்கத்தில் ஒலியளவைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.