பாம்பன் கரைக்கு எந்த டெலிஃபோட்டோ ஜூம்?

கேள்வி: உச்சிப்புளியில் வசிக்கிறேன். என்னிடம் கேனான் ஈஓஎஸ் ஆர்10 கேமராவும் அதனுடன் வந்த 18-45 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. பாம்பன் பாலம், தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம், அரியமான் கரையில் நிற்கும் வள்ளங்கள், அந்தி நேரத்துப் பனங்கூட்டம் ஆகியவற்றைப் படமெடுப்பதில் விருப்பம் உண்டு. ஆனால் இந்த லென்ஸில் எல்லாமே எட்டத்தில் சிறுத்துப்போய்த் தெரிகின்றன. தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். "வாங்குவதே வாங்குகிறாய், 100-400 ஆக வாங்கிவிடு" என்கிறார்கள் நண்பர்கள். வெளியூர்க் கடைக்காரர் ஒருவர், பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். பழைய லென்ஸ் வாங்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது. எதைச் செய்வது?

பதில்: நண்பர்கள் சொல்லும் 400 மி.மீ. உங்களுக்கு எதைக் காட்டும் என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்கள் கேமராவில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் 22.3 மி.மீ. அகலம் கொண்டது. இந்த அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் பெயரில் மி.மீ. என்று வரும் எண்) வகுத்து, பொருள் இருக்கும் தூரத்தால் பெருக்கினால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது கிடைத்துவிடும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காட்சியை எடுத்துக்கொண்டால், 55 மி.மீ.-இல் சுமார் 405 மீட்டரும், 200 மி.மீ.-இல் சுமார் 111 மீட்டரும், 400 மி.மீ.-இல் 56 மீட்டரும் அடங்கும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் செங்குத்தாக மேலே தூக்கப்படும் நடுப்பகுதியின் நீளம் 72.5 மீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கரையில் நின்று பார்த்தால், 200 மி.மீ.-இல் அந்தத் தூக்குப் பகுதியும் இருபுறமும் சிறிது கடலும் அழகாக அமையும், 400 மி.மீ.-இல் தூக்குப் பகுதிகூட முழுதாக அடங்காது. நிலக்காட்சி எடுப்பவருக்குப் பொருளைச் சுற்றியுள்ள வெளியும் வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் நம் கரையின் காற்று. தனுஷ்கோடிச் சாலையில் ஒரு பக்கம் ஆண் கடலும் (மன்னார் வளைகுடா) மறுபக்கம் பெண் கடலுமாக (வங்கக் கடல் பக்கம்) இருக்க, நடுவில் உள்ள மணல் காலை ஒன்பது மணிக்கெல்லாம் சூடேறிவிடுகிறது. அதற்குப் பிறகு மணலை ஒட்டி எழும் வெப்பக் காற்று தொலைவில் உள்ள எல்லாவற்றையும் நெளியவைக்கிறது. கானல் என்று கண்ணால் நாம் காணும் அந்த நெளிவை நீண்ட லென்ஸ் பன்மடங்கு பெருக்கிக் காட்டும். ஒருமுறை இரவல் வாங்கிய 400 மி.மீ. லென்ஸுடன் அரிச்சல்முனையில் ஒரு முற்பகல் முழுவதும் நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒரு படத்திலும் விளிம்பு நேராக இல்லை. லென்ஸில் கோளாறோ என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். அதே லென்ஸை மறுவாரம் விடியற்காலையில் பயன்படுத்தியபோது படங்கள் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தன. எந்த விலைமதிப்பான லென்ஸாலும் இடையிலுள்ள காற்றைத் திருத்த முடியாது. ஆகவே இக்கரையில் தொலைதூரப் படத்துக்கு உரிய நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்பிருந்து ஒரு மணி நேரமும், மாலையில் மணல் ஆறிய பிறகான கொஞ்ச நேரமும்தான். அந்த வேளையில் வெளிச்சம் குறைவு என்பதால், லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பது அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதைவிட முக்கியமாகிறது. இதைக் குறிப்பதுதான் எஃப் எண்; எண் சிறியதானால் ஒளி அதிகம். எஃப்/4 லென்ஸ் எஃப்/8 லென்ஸைப்போல் நான்கு மடங்கு ஒளியை விடும். நண்பர்கள் சொல்லும், உங்கள் ஆர் வரிசைக் கேமராக்களுக்கான ஆர்எஃப் 100-400 லென்ஸ் தன் 400 மி.மீ. முனையில் எஃப்/8 தான்.

காற்றின் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 58 கி.மீ.-ஐக் காற்று தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் அந்த ரயிலையே நிறுத்திவிடுவார்கள் என்பது உச்சிப்புளிக்காரரான உங்களுக்குத் தெரியாததல்ல. கையில் பிடித்து எடுக்கும்போது, 400 மி.மீ.-க்கு உங்கள் கேமராவில் வினாடியில் 640-இல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பொது வழக்கு; 200 மி.மீ.-க்கு 320-இல் ஒரு பங்கு போதும். ஆர்10 உடலுக்குள் நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இல்லாததால், லென்ஸில் 'ஐஎஸ்' என்ற எழுத்து கட்டாயம் இருக்கட்டும். முக்காலியை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றி, நடுத்தண்டை உயர்த்தாமல் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் முன் உள்ள லென்ஸ்களைப் பார்ப்போம். ஆர்எஃப்-எஸ் 55-210 மி.மீ. 270 கிராம்தான், விலையும் குறைவு, உங்கள் 45 மி.மீ.-ஐ அடுத்து இடைவெளி அதிகமின்றித் தொடர்கிறது. ஆனால் எஃப்/5-இல் தொடங்கி எஃப்/7.1-இல் முடிவதால் விடியற்காலையில் முக்காலி இல்லாமல் திணறும். தூசியும் ஈரமும் புகாதபடி அடைத்துக் கட்டப்பட்டதும் அல்ல. ஆர்எஃப் 100-400 மி.மீ. 635 கிராம், அந்த நீளத்துக்கு வியப்பூட்டும் அளவுக்கு எடை குறைவு. கோதண்டராமர் கோயில் பக்கம் வரும் பூநாரைகளுக்காக நீங்கள் வாங்குவதாக இருந்தால் மறுபேச்சின்றி அதையே சொல்வேன். நிலக்காட்சிக்கு அது பொருந்தாததற்குக் காரணம், 45-க்கும் 100-க்கும் நடுவில் விழும் இடைவெளி. வள்ளங்களின் வரிசைக்கும் பனங்கூட்டத்துக்கும் பெரும்பாலும் தேவைப்படுவது அந்த இடைப்பட்ட நீளமே. ஆர்எஃப் 70-200 எஃப்/4 எல் ஐஎஸ் 695 கிராம் எடையில் எல்லா வகையிலும் நிறைவானது. 100-400-ஐப் போல் இரு மடங்குக்கும் மேலான விலை என்பதுதான் அதன் ஒரே குறை.

பணத்துக்கு ஏற்ற வழி, கேனானின் முந்தைய வரிசைக் கேமராக்களுக்கான பழைய இஎஃப் 70-200 எஃப்/4 எல் ஐஎஸ் லென்ஸை நல்ல நிலையில் தேடி வாங்கி, ஆர் கேமராக்களுக்கான அடாப்டர் என்ற இணைப்பு வளையத்துடன் பொருத்துவதே என்பது என் கருத்து. 2006-இல் வந்த லென்ஸ், 760 கிராம், அடாப்டருடன் 870 கிராம் ஆகும். ஜூம் செய்யும்போது இதன் குழல் வெளியே நீள்வதில்லை. குழல் நீண்டு சுருங்கும் லென்ஸ்கள் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் ஊரில் அந்தக் காற்றோடு உப்பும் பொடிமணலும் சேர்ந்தே போகும். இதே லென்ஸின் 'ஐஎஸ்' இல்லாத, இன்னும் பழைய வடிவமும் கைமாறுகிறது. விலை மலிவு என்று அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

பழையதை வாங்கும்போது உங்கள் கேமராவையும் ஒரு டார்ச் விளக்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் ஒரு முனையிலிருந்து வெளிச்சம் பாய்ச்சி மறுமுனையில் சாய்வாகப் பார்த்தால், பூஞ்சை இருக்குமானால் சிலந்தி நூல்போலக் கிளைத்துத் தெரியும். கடலோரத்தில் பயன்பட்ட லென்ஸில் இது சாதாரணம். "துடைத்தால் போய்விடும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் அந்தத் தடம் நிலைத்துவிடும். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்ற உணர்வு இருக்கக் கூடாது. கேமராவில் பொருந்தும் பகுதியான மவுண்டின் திருகாணிகளில் துரு இருக்கக் கூடாது. சுவர் ஒன்றை எஃப்/4-இல் 70, 135, 200 என்று மூன்று நீளத்திலும் எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே அளவு கூர்மையாக உள்ளனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

புதிது வாங்குவதாக முடிவு செய்தாலும், பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாத சரக்கு பெரும்பாலும் வேறு வழியாக நாட்டுக்குள் வந்ததாக இருக்கும். அதற்கு இந்தியாவில் நிறுவனத்தின் உத்தரவாதம் கிடைக்காது. பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். வரிசை எண் எழுதிய பில் கையில் இருந்தால்தான் இவையெல்லாம் கைகொடுக்கும். தனிநபரிடம் வாங்கும் பழைய லென்ஸுக்கு இந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்க முடியாது என்பதால்தான் டார்ச் விளக்கைப் பற்றி அவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

வாங்கிய பிறகு, கடற்கரையிலிருந்து திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காமல், முதலில் மணலை ஊதி அகற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் ஒற்றியெடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். இன்னொன்று: உங்கள் ஊரிலேயே கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. புது லென்ஸைச் சோதித்துப் பார்க்கும் ஆவலில் அந்தப் பக்கம் அதைத் திருப்பிவிடாதீர்கள்.