‘அடிமைமுறை இல்லை’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கி நெசவுத் துணியில் மேஜை விரிப்பும் துண்டும் தைத்து இங்கிலாந்துக்கு அனுப்புகிறோம். நெய்பவர்கள் எல்லாம் வீட்டுத் தறிக்காரர்கள். வாங்குபவர் ஒரு படிவம் அனுப்பி, உங்கள் சப்ளையில் நவீன அடிமைமுறை (கட்டாய உழைப்பு, கொத்தடிமை போன்றவை) எங்குமே இல்லை என்று கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நூல் எந்த மில்லில் நூற்றது என்றே தெரியாமல் போடும் கையெழுத்து, முகம் தெரியாதவருக்கு ஜாமீன் நிற்பது மாதிரி.

முதலில் சட்டம். பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் வருடாவருடம் அறிக்கை வெளியிட வேண்டும். அது உங்களை நேராகக் கட்டாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் கவனம்: கட்டாய உழைப்பில் உருவான பொருளை அங்கே விற்கத் தடை 2027 டிசம்பர் 14 முதல் வருகிறது. சிறிய கம்பெனி என்று அதில் விலக்கு கிடையாது.

சரி, எங்கே பார்ப்பது? நூலில் ஆரம்பியுங்கள். நூல் கட்டின் லேபிளில் மில் பெயர் இருக்கும்; இல்லாவிட்டால் வியாபாரியிடம் பில்லோடு கேளுங்கள். ‘மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும்’ என்று சொல்லிப் பெண்பிள்ளைகளைப் பஞ்சாலைகளுக்கு அழைத்துப்போன சுமங்கலித் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரை இப்போது யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். ஹாஸ்டல் இருப்பது தப்பில்லை. அங்கே இருப்பவர் போன் வைத்துக்கொள்ளலாமா, லீவு நாளில் தனியாக வெளியே போகலாமா, சம்பளம் மாதாமாதம் அவர் பெயரிலுள்ள கணக்கில் விழுகிறதா, பாதியில் நின்றால் பிடித்துவைத்த பணம் கிடைக்குமா என்பதுதான் விஷயம். மில் காட்டும் ஆடிட் சான்றிதழை நான் அரை மதிப்பெண்ணுக்குத்தான் எடுத்துக்கொள்வேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்த பெண்ணிடம் கேட்டுப்பாருங்கள், மில்லுக்குள் ஆடிட்டருக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும். அவர் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் தறிக்காரர்கள். இதில்தான் உங்களுக்குச் சங்கடம் வரும். முன்பணம் கொடுப்பது குற்றமல்ல. ஆனால் ‘பாக்கி தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது’ என்று ஒரு வார்த்தை சேர்ந்துவிட்டால், அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் பக்கம் போய்விடுகிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. துணிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, நெய்பவரின் நேரத்தை மட்டும் கணக்கிடுகிறோம். பாவு பிணைக்கவும் தார் சுற்றவும் வீட்டில் உட்காரும் மனைவியின் நேரம்? அதையும் கூட்டி, நாள் கூலிக்கு எவ்வளவு வருகிறது என்று போட்டுப்பாருங்கள். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பேர் வாங்கிய சீமை இது. முன்பணக் கணக்கு மட்டும் முதலாளி நோட்டோடு நின்றுவிடுகிறது. தறிக்காரர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

படிவத்தில் ‘இல்லை’ கட்டத்தை டிக் செய்யாமல் தனித்தாள் இணையுங்கள்: எந்தெந்த மில் நூல், எதை விசாரித்தோம், எது இன்னும் பாக்கி, எந்த மாதத்துக்குள் முடிப்போம். விவரம் தெரிந்த வாங்குபவருக்கு இதுதான் நம்பிக்கை தரும். கூலியைக் கூட்டினால் விலையில் எவ்வளவு ஏற்றுக்கொள்வார் என்று அதே தாளில் அவரிடமும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் தாமதமாக வரும், விடாதீர்கள்.

மில்லில் கோளாறு தெரிந்தால் உடனே நூலை நிறுத்திவிடாதீர்கள். பிடித்துவைத்த சம்பளம் அந்தப் பெண்களுக்குக் கிடைக்க முதலில் வாங்குபவரோடு சேர்ந்து அழுத்தம் கொடுங்கள். வெளியே விடாமல் அடைத்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் மட்டும் பேச்சுவார்த்தை வேண்டாம். மில் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.