கீமோவுக்கு அப்புறம் ஐஸ் பட்டால் அப்பாவுக்கு விரல் இழுக்கிறது, தொண்டை அடைக்கிறது: நோய் பரவிவிட்டதா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பரவியது போலத் தெரியவில்லை, மருந்தின் வேலையாகத்தான் இருக்கும். பெருங்குடல் புற்றுநோய்க்கு அப்பாவுக்கு ஏற்றும் மருந்துகளில் ஆக்ஸாலிபிளாட்டின் இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். அது நரம்புகளைக் குளிருக்குக் கூசவைக்கும். குளச்சலில் ஐஸ் பெட்டியிலிருந்து மீனை எடுத்ததும் அவர் விரல் ஷாக் அடித்த மாதிரி மடங்கியதும், பிரிட்ஜ் தண்ணீர் குடித்ததும் தொண்டை அடைத்ததும் ஒரே காரணத்தால்தான்.

மருந்து ஏற்றிய முதல் சில நாள் மட்டும் வந்து, சூடு பட்டதும் அடங்குகிறதா என்று கவனியுங்கள். அந்த நாட்களில் வெந்நீர், சூடான கஞ்சி போதும். ஐஸ் மீன் பக்கமே விடாதீர்கள், கேட்க மாட்டார், ஆனாலும் சொல்லுங்கள். விடியற்காலையில் வெந்நீரில் குளிக்கட்டும்.

அடுத்த கீமோ வரைக்கும் மரத்துப்போனது மாறாமல், சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினால், மருந்து ஏற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். சொல்லாமல் பொறுத்துக்கொண்டால் நிரந்தரமாகவும் தங்கலாம்.

மூச்சுத்திணறல், முகவீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அது வேறு, அலர்ஜி, அவசரம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அவசரம்தான்: மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.