சாளக்கிராமக் கல் எப்படி மலையேறியது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு நேபாளத்து முக்திநாத் போய்வந்தோம். வழியில் சாளக்கிராமம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கறுத்த உருண்டைக் கல் ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பிளந்து காட்டினார். உள்ளே சக்கரம். கல்லூரியில் படிக்கும் என் பேரன், “தாத்தா, இது கடல்பிராணியோட ஃபாசில். இங்கே கடல் இருந்திருக்கு” என்றான். 3,700 மீட்டர் உயரத்தில் கடலா? பிரளய வெள்ளம் அவ்வளவு தூரம் ஏறியதா? நிலத்தட்டுகள் நெருப்புக் குழம்பின்மேல் மிதந்து நகர்கின்றன என்றும் சொல்கிறான். பாறை எப்படி ஐயா மிதக்கும்? எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சாளக்கிராம ஆராதனை உண்டு. வஜ்ரகீடம் என்ற புழு குடைந்த கல் என்றுதான் என் தகப்பனார் சொல்லித் தந்தார்.

எஸ்., ஸ்ரீரங்கம்

அன்புள்ள எஸ்.,

கடல் விஷயத்தில் பேரன் சொன்னது சரி. நெருப்புக் குழம்பு விஷயத்தில் சரியில்லை. பள்ளிப் பாடப்படங்கள் செய்யும் குழப்பம் அது, அவனைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் கல்லிலிருந்தே தொடங்குகிறேன். பிளந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வரிவரியாகப் புடைத்த சுருள் இருக்கும், மற்றதில் அதே சுருளின் பள்ளமான அச்சு. அது அம்மோனைட் என்ற கடல்பிராணியின் ஓடு. நம் மீன் சந்தையில் கிடைக்கும் கணவாய்க்கு அது தூரத்துச் சொந்தம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துக் கடலடிச் சேற்றில் புதைந்தது. சேறு இறுகி மெல்லிய களிப்பாறை ஆனபோது, ஓட்டைச் சுற்றித் தாதுக்கள் திரண்டு அந்த இடம் மட்டும் கெட்டி உருண்டை ஆயிற்று. காளி கண்டகி ஆறு களிப்பாறையைக் கரைத்துவிட்டு உருண்டையை மட்டும் உருட்டிக்கொண்டு வருகிறது. சில கற்களில் பொன்போல மினுங்குவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். வஜ்ரகீடக் கதையை நான் எளிதில் தள்ளமாட்டேன். கல்லுக்குள் இருப்பது ஓர் உயிரின் வேலை என்பதைக் கண்டுகொண்டவர்கள்தானே அப்படிச் சொல்லியிருக்க முடியும்!

தண்ணீர் ஏறவில்லை. உலகத்தில் உள்ள பனி முழுவதும் உருகினாலும் கடல் எழுபது மீட்டர்போலத்தான் உயரும். ஏறியது கடலின் தரை. அதுவும் யாருடைய கடல்? டெதிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் அம்மோனைட் கிடந்த சேறு, அந்தக் கடலின் தென்புறத்தில், இந்தியாவின் அன்றைய வடகரையை ஒட்டிப் படிந்தது. அப்போது இந்தியா பூமத்தியரேகைக்கு வெகு தெற்கே, மடகாஸ்கரோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து எப்படி வந்தது? கண்டங்களையும் கடல்தரையையும் சுமக்கும் பெரிய பாறைப் பலகைகள்தான் தட்டுகள்; அவற்றுக்கு அடியில் இருப்பதும் பாறைதான், குழம்பல்ல. திரவத்துக்குள் புக முடியாத ஒருவகைப் பூகம்ப அலை அதற்குள் தாராளமாகப் போய்வருகிறது. ஆனால் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும், கோடி ஆண்டுக் கணக்கில், கெட்டிப் பாறையும் மெல்ல வழியும். அதன்மேல் தட்டுகளை இழுக்கும் பெரிய விசை எடைதான். கொடியில் போட்ட ஈர வேட்டி ஒருபக்கம் கூடுதலாகத் தொங்கினால், தன் கனத்தாலேயே மீதியையும் இழுத்துக்கொண்டு சரியும் இல்லையா? டெதிஸின் பழைய, குளிர்ந்த, கனத்த கடல்தரை ஆசியாவுக்கு அடியில் அப்படித்தான் சரிந்தது. பின்னால் இந்தியா இழுபட்டு வந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல்! தட்டுக் கணக்கில் அது தலைதெறிக்கிற ஓட்டம்.

(கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இலேயே சொன்னார். எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை, பலர் கேலி செய்தார்கள். 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். கடலடியை ஆராய்ந்து அவர் பக்கம் சாட்சி சேர அறுபதுகள் ஆயிற்று.)

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்தரை தீர்ந்து, கண்டத்தோடு கண்டம் முட்டியது. கண்டப்பாறை லேசானது, கடல்தரைபோல ஆழத்துக்குள் முங்காது. உப்பளத்தில் பலகையால் உப்பைத் தள்ளும்போது பார்த்திருப்பீர்கள், பலகைக்கு முன்னால் உப்பு மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். இமயம் அப்படிக் குவிந்தது. எவரெஸ்டின் 8,848.86 மீட்டர் உச்சியில் இருப்பதே 45 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் சுண்ணாம்புக் கல்.

தள்ளல் இன்னும் நிற்கவில்லை. இமயத்தின் குறுக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நிலம் சுருங்குகிறது. திருமங்கையாழ்வார் இரண்டு தலங்களையும் பாடி 1,200 ஆண்டு ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஸ்ரீரங்கத்துக்கும் சாளக்கிராமத் தலமான முக்திநாத்துக்கும் நடுவே 24 மீட்டர் குறைந்திருக்க வேண்டும். யாத்திரை போகிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிய சலுகை இல்லை! அந்தச் சுருக்கம் ஒழுங்காக நடந்துவிடுவதும் இல்லை. மலைக்கு அடியில் உள்ள பிளவு பூட்டிக்கொள்ளும், பாறை வில்போல வளைந்து நிற்கும், பிறகு ஒருநாள் விடுபடும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் விடுபட்டபோது காத்மாண்டு ஒரு நிமிடத்துக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. சுமார் 9,000 பேர் இறந்தார்கள்.

பேரனுக்கு இன்னொன்றும் காட்டுங்கள். பக்கத்து மாவட்டமான அரியலூரில், சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் அதே மண்ணில் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. முக்திநாத் கற்களைவிடச் சில கோடி ஆண்டு இளையவை. இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தபோது கிழக்கு ஓரம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது, பிறகு திரும்பிப் போய்விட்டது. இந்தப் பக்கம் எந்தக் கண்டமும் வந்து முட்டவில்லை. அதனால் அந்தக் கடல்தரை மலையேறாமல், முந்திரித் தோப்புக்கும் சோளக் கொல்லைக்கும் கீழே படிந்த வாக்கிலேயே கிடக்கிறது.