பதினொரு மணிக்கு நானும் எழும்பி நிற்க வேண்டுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். நீங்கள் வன்னியிலிருந்து கெயார் விசாவில் இங்கிலாந்து வந்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறீர்கள். நவம்பர் 11 காலை பதினொரு மணிக்கு, போரில் செத்த படையினர் நினைவாக எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதே நினைவாக நெஞ்சில் குத்துகிற சிவப்புப் பொப்பிப் பூக்களை விற்கும் பெட்டியும் வாசலில் வைத்தாயிற்று. "2009இல் செத்த எங்கள் ஆட்களுக்கு ஒரு விளக்குக் கொளுத்தவே ஊரில் பயந்தோம். இவர்களின் ஆமிக்கு நான் ஏன் நிற்க வேண்டும்? நிற்காவிட்டால் வேலைக்கு ஆபத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், பயம் அதில்தான் இருக்கிறது. மௌனத்தில் நிற்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. நவம்பர் 11 இங்கே விடுமுறைகூட இல்லை. உங்கள் விசாவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் மற்றவர்கள் நிற்கும்போது நீங்கள் டிராலி தள்ளிக்கொண்டும் போனில் கதைத்துக்கொண்டும் திரிந்தால் மனம் கசக்கும், அதைப் பிறகு சரிப்படுத்துவது கஷ்டம்.

முதல் கேள்விக்கு என் பதில்: நில்லுங்கள். ஆனால் நோட்டீஸ் சொன்னதற்காக நிற்க வேண்டாம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முதல் உலகப் போரின் சண்டை ஓய்ந்தது 1918 நவம்பர் 11, பதினொரு மணிக்கு. அந்தப் போர் நேரத்தில் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் தினமும் மத்தியானம் ஊரே சற்று நேரம் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்திருந்த பேர்சி ஃபிட்ஸ்பட்ரிக் என்பவர்தான் லண்டனுக்கு இந்த யோசனையைச் சொல்லியனுப்பினார். அவருடைய மகன் 1917இல் பிரான்சில் செத்திருந்தான். 1919இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டபடி முதல் மௌனம் நடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் யோசனை அது. அரசாங்கம் பிறகு அதற்கு எத்தனை கொடி சுற்றினாலும் அடியில் கிடப்பது அந்த வீட்டுத் துக்கம்தான்.

இன்னொன்று, வேலைத்தல மௌனம் நூறு வருடமாக விடாமல் நடக்கிற சடங்கு மாதிரித் தெரியும். அப்படியில்லை. இரண்டாம் உலகப் போரோடு அது நின்று, பிறகு நவம்பர் இரண்டாவது ஞாயிறுக்குப் போய்விட்டது. முன்னாள் படையினருக்கான றோயல் பிரிட்டிஷ் லீஜன் 1995இல் முயற்சி எடுத்த பிறகுதான் வேலைநாளில் கடைகளும் கந்தோர்களும் பதினொரு மணிக்கு நிற்பது திரும்ப வந்தது. ஆகவே "இதுதான் இந்த மண்ணின் மரபு, நீ யார் கேட்க" என்று யாராவது சொன்னால் அவ்வளவு மிரள வேண்டாம்.

உங்களுக்கு இருக்கிற கூச்சம் எங்கள் நாட்டில் ஏற்கெனவே வந்ததுதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இலங்கையிலும் நவம்பர் 11இல் பொப்பி விற்றார்கள். சேர்ந்த காசில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகிறது, உள்ளூர் முன்னாள் சிப்பாய்க்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று 1931இல் போட்டியாகச் சூரிய மல் விற்கத் தொடங்கினார்கள். சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் வேலியில் நிற்கிற பூவரசின் பூ. பிறகு இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அந்த வட்டத்திலிருந்துதான் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: சாவு எல்லோருக்கும் பொதுவென்றால் காசும் நினைவும் ஏன் ஒரு பக்கம் மட்டும் போகிறது?

அதனால்தான் பூவையும் மௌனத்தையும் நான் ஒன்றாகப் பார்ப்பதில்லை. சிவப்புப் பொப்பி வாங்கினால் அந்தக் காசு லீஜனுக்குப் போகும், படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவும். விருப்பமென்றால் குத்துங்கள், இல்லையென்றால் விடுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வெள்ளைப் பொப்பி என்றும் ஒன்று இருக்கிறது, 1933இல் கூட்டுறவுப் பெண்கள் அமைப்பு தொடங்கியது. போரில் செத்த பொதுமக்கள் உட்பட எல்லோருக்குமானது. வட அயர்லாந்தின் டெரியில் பிறந்த பந்தாட்டக்காரர் ஜேம்ஸ் மக்ளீன் 2012இலிருந்து பொப்பி போட்ட சட்டை அணிய மறுத்துவந்தார். 1972இல் அவருடைய ஊரில் பிரிட்டிஷ் ஆமி சுட்டுக் கொன்றவர்களில் பலர் அவர் வளர்ந்த பக்கத்து ஆட்கள். இரண்டு உலகப் போர்களுக்கு மட்டுமென்றால் போடுவேன் என்று அவரே எழுதினார். அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. இந்த நாட்டின் மோசமான குணங்களில் ஒன்று அது. நவம்பர் வந்தால் யார் நெஞ்சில் பூ இல்லை என்று தேடித் திரிகிற ஒரு கூட்டம் உண்டு.

மௌனம் அப்படியில்லை. அதற்கு வாசகம் கிடையாது, சத்தியம் கிடையாது, எந்தக் கொடியையும் பார்த்து நிற்கத் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் 2009இல் செத்த உங்கள் ஆட்களை நினைக்கலாம். பிரிட்டிஷ் படையினரின் கல்லறைகள் திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம் இன்றும் வரிசையாக, புல்லு வெட்டி, பெயர் வாசிக்கிற மாதிரி இருக்கின்றன. புலிகளின் போராளிகளைப் புதைத்த எங்கள் துயிலும் இல்லங்களை 2009க்குப் பிறகு இடித்துத் தள்ளினார்கள். யாழ் பல்கலைக்கழகத்தில் 2009இல் செத்தவர்களுக்காக இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணை 2021 ஜனவரியில் இரவோடிரவாக உடைத்தார்கள், பிறகு எழும்பிய எதிர்ப்பில் அதே வருடம் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. நினைக்க விடாமல் பண்ணுவது என்னவென்று அனுபவித்த நாங்கள், இன்னொருவர் நினைப்பதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். கட்டாயப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. அழைப்பென்றால் போவேன்.

நீங்கள் பார்க்கும் ஆட்களையும் யோசியுங்கள். 1939 ஒக்டோபருக்கு முன் பிறந்த ஆம்பிளைகள் இங்கே கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டவர்கள். உங்கள் இல்லத்தில் தொண்ணூறை நெருங்கும் தாத்தா யாராவது இருந்தால், பதினெட்டு வயதில் சைப்பிரசுக்கோ மலாயாவுக்கோ கேட்காமலே அனுப்பப்பட்டவராக இருக்கலாம். அங்கே என்ன செய்தார், என்ன பார்த்தார் என்பது வேறு கதை, எல்லாம் பெருமைப்படக்கூடியதாக இருக்காது. சிலர் அன்றைக்கு அழுவார்கள். சிலர் "டிவியை நிப்பாட்டு" என்று கத்துவார்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பதினொரு மணிக்கு யாராவது பெல் அடித்தால் போங்கள். ஆளைப் பார்ப்பதுதான் முதல் வேலை, அதற்காக ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். அன்றைக்கு மனம் ஒப்பவில்லையென்றால் முதல் நாளே மனேஜரிடம், "அந்த நேரம் நான் மேல்மாடியைப் பார்க்கிறேன், மற்றவர்கள் கீழே நிற்கட்டும்" என்று சொல்லுங்கள். அரசியல் விளக்கம் வேண்டாம், "என் வீட்டிலும் போரில் செத்திருக்கிறார்கள், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்றால் போதும்.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18க்கும் மாவீரர் நாளான நவம்பர் 27க்கும் லீவு வேண்டுமென்றால் இப்போதே எழுதிக் கொடுங்கள், ரோட்டா (வேலை அட்டவணை) போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. ஆனால் கொடி, சின்னம் ஒன்றும் வேலைத்தலத்துக்கு வேண்டாம். இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், இங்கே 2001இலிருந்து தடை, அந்தச் சட்டத்தோடு விசாவில் இருக்கிற ஆள் விளையாடக்கூடாது. நவம்பர் இரண்டாவது ஞாயிறு இந்த ஊர் நினைவுத்தூணுக்கு வீல்செயரில் யாரையாவது கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் போய் வாருங்கள், அந்த மணித்தியாலங்களைச் சம்பளத்தில் சேர்க்கிறார்களா என்று மட்டும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.