லிங்கன் பெயரே இல்லாத தேர்தல்: இல்லினாய் சட்டமன்றம், 1858 (கேள்வி பதில்)

கேள்வி: 1858இல் இல்லினாய் மாநிலத்தின் அமெரிக்க செனட்டர் பதவிக்காக குடியரசுக் கட்சியின் லிங்கனும் ஜனநாயகக் கட்சியின் டக்ளஸும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டார்களே, மக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

இருவருக்கும் இல்லை. அமெரிக்க அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் 1913இல் வரும்வரை செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். 1858 நவம்பர் 2 அன்று மக்கள் ஓட்டுப் போட்டது தங்கள் தொகுதி உறுப்பினருக்கு. கீழவை 75, மேலவை 25. இரண்டும் கூடி 1859 ஜனவரி 5 அன்று வாக்களித்ததில் டக்ளஸ் 54, லிங்கன் 46.

கேள்வி: குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம் என்கிறார்களே?

சரிதான். அதே நாளில் மாநிலம் முழுக்க நடந்த பொருளாளர் தேர்தலைப் பாருங்கள்: குடியரசுக் கட்சி சுமார் 1,25,000, டக்ளஸ் அணி 1,21,000, அதிபர் புக்கானனை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் 5,000. முந்தியது குடியரசுக் கட்சி, ஆனால் பாதியைத் தொடவில்லை. இதை மறந்துவிட்டு ‘திருடப்பட்ட வெற்றி’ என்று எழுதுவது தவறு.

தொகுதிக் கணக்கு பழையது என்பதும் உண்மை. எல்லைகள் 1850 கணக்கெடுப்பின்படி வகுக்கப்பட்டவை. அப்போது மக்கள்தொகை சுமார் 8.5 லட்சம், 1860இல் 17 லட்சம். வளர்ச்சியில் பெரும்பங்கு சிகாகோவை உள்ளிட்ட வடக்கில், அதாவது குடியரசுக் கட்சியின் கோட்டையில். இடங்கள் கூடவில்லை.

கேள்வி: பதவிக்காலம் முடியாத மேலவை உறுப்பினர்கள்தான் லிங்கனைக் கவிழ்த்தார்களா?

அது பாதிக் காரணம்கூட இல்லை. அன்று தேர்தலைச் சந்திக்காத 13 பேரில் 8 பேர் ஜனநாயகக் கட்சி, 5 பேர் குடியரசுக் கட்சி. அவர்களைக் கழித்தால் அன்று தேர்வான 87 பேரில் டக்ளஸுக்கு 46, லிங்கனுக்கு 41. அப்போதும் டக்ளஸே முன்னிலை. ஆட்டத்தைத் தீர்மானித்தவை நடு மாவட்டங்கள். கலைந்துபோன விக் கட்சியின் பழைய வாக்காளர்கள் அங்கேதான் அதிகம். அவர்கள் மதித்த கென்டக்கி செனட்டர் கிரிட்டெண்டன் டக்ளஸை ஆதரித்துக் கடிதம் எழுதியது லிங்கனுக்குப் பலத்த அடி.

கேள்வி: 1855 செனட்டர் தேர்தலில் லிங்கன் தோற்றதும் இதே கணக்கா?

வேறு கதை. புதிய பிரதேசங்களில் அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கு குடியேறியவர்களே முடிவு செய்ய விட்ட கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்தவர்களுக்கு அவையில் பெரும்பான்மை இருந்தது, பொதுவான கட்சி இல்லை. முதல் சுற்றில் லிங்கனே முன்னிலை. ஆனால் அச்சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் ஐவர், விக் கட்சிக்காரரான லிங்கனுக்கு ஓட்டுப் போட மறுத்து, தங்களைப் போலவே அச்சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர் டிரம்புல்லிடமே நின்றனர். மறுபக்கம் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் மேட்டிசன் 47 வரை ஏறிவிட்டார். ஒன்பதாவது சுற்றில் 15க்கு இறங்கிய லிங்கன், தன் ஆட்களை டிரம்புல் பக்கம் திருப்பினார். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51. அந்த ஐவரில் ஒருவரான நார்மன் ஜட், 1858இல் லிங்கனுக்காக வேலை செய்த குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைவர்.

கேள்வி: 1855இல் வாக்களித்த, 1854 தேர்தலுக்குப் பிந்தைய சட்டமன்ற உறுப்பினர்களின் கட்சியை அட்டவணையில் எப்படிக் குறிப்பது?

ஒரே நெடுவரிசையில் போடாதீர்கள். பழைய கட்சி ஒரு நெடுவரிசை, நெப்ராஸ்கா சட்டத்தில் நிலை இன்னொரு நெடுவரிசை. அந்த ஐவரை வெறுமனே ‘ஜனநாயகக் கட்சி’ என்று எழுதினால் பத்தாவது சுற்றின் கணக்கு ஒருபோதும் பொருந்தாது.