கேன் தண்ணீரும் கான்டாக்ட் லென்ஸும்: கண் டாக்டர் பதில்கள்

கே: மாதாந்திர லென்ஸ் வாங்கினேன். விசேஷங்களுக்கு மட்டும்தான் போடுகிறேன். இதுவரை எட்டு முறைகூட ஆகவில்லை. இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாமா? (வாசகி, மாம்பலம்)

கூடாது. பாக்கெட்டைப் பிரித்த அன்றே 30 நாள் கணக்கு ஆரம்பித்துவிடும். நீங்கள் எத்தனை முறை போட்டீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விசேஷத்துக்கு மட்டும் என்றால் தினசரி லென்ஸ் வாங்குங்கள். மண்டபத்திலிருந்து வந்ததும் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம்.

கே: லென்ஸ் நழுவிக் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமா? (மாணவர், தாம்பரம்)

போகாது. இமையின் உள்சவ்வு மடிந்து வந்து வெள்ளைவிழியோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் போக வழியே கிடையாது. பெரும்பாலும் மேல் இமைக்குள் சுருண்டு கிடக்கும். லென்ஸோடு விடக்கூடிய ஈரச்சொட்டு இரண்டு விட்டு, கண்ணை மூடி, இமையை மெதுவாகத் தடவுங்கள். வரவில்லையென்றால் நகத்தை விட்டுத் தோண்டாமல் கண் டாக்டரிடம் போங்கள்.

கே: லென்ஸை ஊறவைக்கும் சொல்யூஷன் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு ராத்திரி கேன் தண்ணீரில் ஊறவைத்தேன். மினரல் வாட்டர்தானே, பரவாயில்லையா? (வாசகர், வேளச்சேரி)

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்கிறீர்கள். அந்த லென்ஸைத் தூக்கிப் போடுங்கள். டப்பாவையும் சேர்த்து.

இந்த ஊரில் தண்ணீரை நாம் சாதி பிரித்து வைத்திருக்கிறோம்: மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர். கண்ணைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றுதான். குடிக்கச் சுத்தமான தண்ணீர் என்றால் கிருமியே இல்லாத தண்ணீர் என்று அர்த்தமில்லை. வயிற்றில் அமிலம் இருக்கிறது, கருவிழிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

தண்ணீரில் அகாந்தமீபா என்று ஒரு நுண்ணுயிர் இருக்கும். நிலைமை சரியில்லையென்றால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் அளவுக்கெல்லாம் அந்தக் கூடு அசையாது. லென்ஸில் ஒட்டிக் கருவிழிக்குள் இறங்கினால், ஆரம்பத்தில் ராத்திரி பகல் பாராமல் மணிக்கொரு தடவை சொட்டு விட வேண்டியிருக்கும். சிகிச்சை பல மாதம் இழுக்கும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வரை போகும்.

கல்லூரிப் பெண் ஒருத்தி, கண்ணைத் திறக்க முடியாத வலியோடு வந்தாள். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். மேலே பளிச்சென்று இருந்தது. அடியில் வழவழவென்று ஒரு படலம், குச்சியால் தொட்டால் கூழாக இழுத்துக்கொண்டு வந்தது. “எதில் கழுவுவாய்?” “குழாயில்தான் டாக்டர், பல் தேய்க்கும்போதே.”

டப்பாவைச் சொல்யூஷனால் மட்டும் கழுவுங்கள், விரலால் தேய்த்துக் கழுவுங்கள். டிஷ்யூ மேல் கவிழ்த்துக் காயவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுசு. நேற்றைய சொல்யூஷன் மேல் இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்புவது, பழைய சாம்பாரில் புது சாம்பாரை ஊற்றுகிற கதை. சலைன் வெறும் உப்புநீர், கிருமியைக் கொல்லாது. குளிக்கும்போதும் நீச்சல் குளத்திலும் மெரினா அலையிலும் லென்ஸ் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், ஈரக் கையும் தண்ணீர்தான்.

கே: நைட் ஷிப்ட். திரும்பும்போது கேபில் ஒரு மணி நேரம்தான் லென்ஸோடு தூங்குகிறேன். (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

“தான்” என்ன “தான்”? கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் வருகிறது. இமையும் மூடி, லென்ஸும் மூடினால் அது திணறும். லென்ஸோடு தூங்குபவர்களுக்குக் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு ஆறேழு மடங்கு அதிகம். கேபில் ஏறும் முன்பே கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறுங்கள்.

கே: கண் சிவந்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தொடரலாமா? (பெயர், ஊர் இல்லை)

எத்தனை நாளாக? ஒரு கண்ணா, இரண்டா? லென்ஸ் போட்டிருக்கிறீர்களா? மருந்தின் பெயர் என்ன? ஒன்றும் எழுதாமல் தொடரலாமா என்றால் நான் ஜோசியமா பார்ப்பது? கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு உடனே குறையும், உள்ளே பூஞ்சைத் தொற்று இருந்தால் அது நிம்மதியாக வளரும். கண் சிவந்தாலோ வலித்தாலோ மங்கினாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். செலவுக்குப் பயமென்றால் 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கூடவே எடுத்துப் போங்கள், பரிசோதனைக்கு உதவும்.

கே: என் கண்ணாடி பவர் மைனஸ் 6. அதையே போட்டு ஆன்லைனில் லென்ஸ் வாங்கலாமா? (வாசகர், அம்பத்தூர்)

வேண்டாம். கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது, லென்ஸ் ஒட்டி உட்காருகிறது. உங்களுக்கு மைனஸ் 5.5 போதுமானதாக இருக்கலாம். லென்ஸின் வளைவும் உங்கள் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். அளவெடுத்துக்கொண்டு வாங்குங்கள்.

கே: அக்காவின் சாம்பல் நிற லென்ஸைச் சொல்யூஷனில் கழுவிவிட்டு என் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, பெரம்பூர்)

அக்காவின் பட்டுப்புடவையை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் வேண்டாம்.